ஓர்காவின் சாப்பாடு ஓடையில் பிறக்கிறது

சியாட்டில் பக்கம் புதிதாகக் குடிவருகிற நம்மவர்கள் கோடை தொடங்கியதும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஓர்கா பார்க்க எங்கே போகலாம்?" கொலையாளித் திமிங்கலம் என்று சொல்வார்களே, அதுதான் ஓர்கா. சான் ஹுவான் தீவின் மேற்குக் கரையில் லைம் கில்ன் பாயிண்ட் பூங்கா இருக்கிறது, படகே வேண்டாம், பாறையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்று சொல்வேன். அதோடு விடாமல், உங்கள் தெருவில் இருக்கும் மழைநீர் வடிகால் எங்கே போய் விழுகிறது தெரியுமா என்றும் கேட்பேன். மழைநீர் வடிகாலும், சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்திவிடும் குழாயான கல்வெர்ட்டும்தான் என் தொழில். ஓர்காவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உலகக் கடல்களில் ஓர்காக்கள் பல்லாயிரம் உண்டு. நான் பேசுவது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் நடுவில் உள்ள சேலிஷ் கடலுக்கு வந்துபோகும் ஒரு தனிக் கூட்டத்தைப் பற்றி. தெற்கு ரெசிடென்ட் ஓர்காக்கள் என்று பெயர். ஜே, கே, எல் என்று மூன்று பிரிவுகள். முதுகுத் துடுப்பின் வடிவத்தையும் அதன் பின்னால் இருக்கும் சாம்பல் திட்டையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, எண் கொடுத்து, 1970களிலிருந்து கணக்கெடுத்து வருகிறார்கள். 1995இல் 98 இருந்தன. 2024 ஜூலைக் கணக்கில் 73. அமெரிக்க அரசு இவற்றை அழியும் நிலையில் உள்ளவை என்று 2005இல் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்த பிறகும் எண்ணிக்கை ஏறவில்லை.

பழைய கொடுமை ஒன்றும் இதில் இருக்கிறது. 1960களிலும் 70களிலும் கடல் காட்சிசாலைகளுக்காக இவற்றின் குட்டிகளை வலைபோட்டுப் பிடித்துப் போனார்கள். 1970 ஆகஸ்டில் பென் கோவ் என்ற இடத்தில் பிடிபட்ட டோக்கிட்டே என்ற பெண் ஓர்கா, ஐம்பது வருடத்துக்கு மேல் மயாமியில் ஒரு தொட்டியில் வாழ்ந்து, ஊர் திரும்பாமலேயே 2023 ஆகஸ்டில் செத்தது. அன்று தூக்கிப்போன குட்டிகள் இருந்திருந்தால் அடுத்த தலைமுறையைப் பெற்றிருக்கும். ஆனால் பிடிப்பது நின்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. இன்றைய சரிவுக்கு அதை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.

காரணம் எங்கே என்பதற்கு நல்ல சாட்சி அதே கடலில் நீந்துகிறது. பிக்ஸ் ஓர்காக்கள் என்று இன்னொரு வகை அங்கே உண்டு. அவை கடல்நாய்களையும் கடற்சிங்கங்களையும் தின்பவை. 1972இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கடல்நாய்கள் பெருகின. அவற்றைத் தின்னும் ஓர்காக்களும் பெருகின. அதே தண்ணீர், அதே கப்பல்கள். தெற்கு ரெசிடென்ட் ஓர்காவோ மீனைத் தவிர வேறெதையும் தொடாது. மீனிலும் சினூக் சால்மன்தான் அதற்கு உயிர். பெரிய மீன், கொழுப்பு அதிகம், வருடம் முழுக்க எங்காவது கிடைக்கும் என்பதால் தலைமுறை தலைமுறையாக அதையே நம்பி வளர்ந்த கூட்டம் இது. கோடையில் அவற்றின் உணவில் பெரும்பகுதி சினூக்தான். அந்தச் சினூக்கே, சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலில் கலக்கும் ஆறுகளில் 1999 முதல் அரசின் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. கிடைக்கிற மீனும் முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிட்டது.

பட்டினி கிடக்கின்றன என்று எப்படித் தெரியும்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் மோப்ப நாயைப் படகின் முன்முனையில் நிறுத்தி, தண்ணீரில் மிதக்கும் ஓர்காவின் சாணத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். நாய் மூக்கைத் திருப்பும் பக்கம் படகைத் திருப்ப வேண்டும். சாணம் மூழ்குவதற்குள் அள்ளிவிட வேண்டும். அதிலிருக்கும் ஹார்மோன்களைப் பார்த்தால் கர்ப்பமா, பசியா என்று தெரிந்துவிடும். 2008 முதல் 2014 வரை இப்படிக் கண்டுபிடித்த கர்ப்பங்களில் 69 சதவீதம் வரை குட்டியாகத் தேறவில்லை. ஓர்காவுக்குக் கர்ப்பகாலம் ஒன்றரை வருடம். அத்தனை நாள் சுமந்துவிட்டு இழப்பதை யோசித்துப் பாருங்கள். பசியில் உடல் கொழுப்பு கரையும்போது, 1970களிலேயே தடை செய்யப்பட்டும் கடலில் தங்கிவிட்ட பிசிபி போன்ற நஞ்சுகள் ரத்தத்தில் கலக்கின்றன. தாய்ப்பால் வழியாக முதல் குட்டிக்குத்தான் அதில் அதிகப் பங்கு போகிறது.

2018 ஜூலையில் ஜே35 என்ற தாய், பிறந்து அரைமணி நேரத்தில் இறந்துபோன குட்டியை 17 நாள் தலையில் தாங்கிக்கொண்டு நீந்தியது உலகச் செய்தியானது. 2025 தொடக்கத்தில் இன்னொரு குட்டியை இழந்து மறுபடியும் அப்படியே சுமந்தது. அந்தப் படத்தைப் பகிராதவர்கள் குறைவு. அந்தத் தாய் சாப்பிடவேண்டிய மீன் எந்த ஓடையில் நின்றுபோனது என்று தேடியவர்களும் குறைவுதான்.

அந்த ஓடைக்கு வருவோம்.

கடலில் வளர்ந்த சால்மன், முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். வழியில் சாலை குறுக்கிடும் இடங்களில் எல்லாம் ஒரு கல்வெர்ட். பழைய கல்வெர்ட்டுகள் தண்ணீரைக் கடத்தினால் போதும் என்று போட்டவை. மீனை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஓடை பத்து அடி அகலம் இருக்கும், அதை மூன்றடிக் குழாயில் திணித்திருப்பார்கள். குறுகின இடத்தில் தண்ணீர் வேகமெடுக்கும். அந்த வேகம் வருடக்கணக்கில் வெளிவாயின் கீழ் மண்ணை அரித்துப் பள்ளம் பறித்துவிடும். கடைசியில் குழாயின் வாய் அந்தரத்தில் நிற்கும், தண்ணீர் இடுப்புயரத்திலிருந்து கொட்டும். கீழே பள்ளத்தில் வந்து சேர்ந்த மீன் தாவிப் பார்க்கும். குழாய் விளிம்பில் மோதி விழும், மறுபடி தாவும். மேலே மைல் கணக்கில் நல்ல சரளைக்கல் படுகை முட்டைக்குக் காத்துக்கிடக்கும். மீன் கீழேயே ஓய்ந்துபோகும்.

இதை மாற்றவைத்தது பூர்வகுடி மக்கள். 1850களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது மீன்பிடி உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிவாங்கினார்கள். மீனே இல்லாவிட்டால் மீன்பிடி உரிமைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். மேற்கு வாஷிங்டனில் மாநில அரசின் கல்வெர்ட்டுகளைச் சரிசெய்ய 2013இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு மேல்முறையீடு போனது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் 4-4 என்று பிரிந்ததால் உத்தரவு அப்படியே நின்றது. இன்று நாங்கள் போடும் கல்வெர்ட்டுக்குக் கணக்கே வேறு. ஓடை கரைமுட்ட ஓடும்போதுள்ள அகலத்தைப் போல 1.2 மடங்கு, அதற்கு மேல் இன்னும் 2 அடி. உள்ளே சிமென்ட் தரை தெரியக்கூடாது, ஓடைக்கல்லே பரப்ப வேண்டும். மீனுக்குத் தன் தலைக்குமேல் சாலை போவதே தெரியக்கூடாது.

சினூக் பெரும்பாலும் பெரிய ஆறுகளில்தானே முட்டையிடும், சின்ன ஓடையைச் சரிசெய்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. சினூக் குஞ்சுகள் பெருவெள்ளத்தில் அடித்துப்போகாமல் ஒதுங்கி வளர்வது இப்படிப்பட்ட ஓடைகளில்தான். அப்புறம், இலையுதிர்காலத்தில் பியூஜெட் சவுண்டுக்குள் வரும் ஓர்காக்கள் சம், கோஹோ சால்மன்களையும் தின்கின்றன. அவை நம்பியிருப்பதே சின்ன ஓடைகளை.

வழி திறந்தால் மட்டும் போதாது. அக்டோபர், நவம்பரில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் சியாட்டில் நகரத்து ஓடைகளுக்குப் போனால் கோஹோ மீன் நீர்ப்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு வட்டமடிப்பதைப் பார்க்கலாம். சற்று நேரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். வயிற்றை அறுத்துப் பார்த்தால் முட்டை அத்தனையும் அப்படியே இருக்கும். சில ஓடைகளில் வந்த மீனில் பாதிக்கு மேல் இப்படிச் செத்தன. காரணம் தெரியாமல் பல வருடம் தேடினார்கள். 2020 டிசம்பரில்தான் விடை வெளியானது: கார் டயர். டயர் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. தேய்ந்த டயர்த்தூள் சாலையில் படிந்து, மழையில் கரைந்து, வடிகால் வழியே ஓடைக்கு வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஒரு நாளுக்குள் கோஹோவில் பாதி செத்துவிடும். சினூக் இதை ஓரளவு தாங்குகிறது.

இதற்கு மருந்து கையிலேயே இருப்பதுதான் எனக்குத் தெம்பு. சாலைத்தண்ணீரை நேரே குழாயில் விடாமல், மணலும் மக்கிய உரமும் கலந்த ஒரு படுகையில் இறக்கி ஊறவிட்டால் போதும். கோஹோவைக் கொல்லும் அதே சாலைத்தண்ணீரை இப்படி வடிகட்டி, அதில் கோஹோவை விட்டுப் பார்த்தார்கள், பிழைத்தது. சாலையோரம் செடிகள் நட்ட பள்ளம் ஒன்றைப் பார்த்தால் அழகுக்கு வைத்தது என்று நினைக்காதீர்கள். அங்கே வேலை நடக்கிறது.

அணைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1961க்கும் 1975க்கும் இடையில் கட்டி முடித்த நான்கு அணைகளை எடுப்பதா வேண்டாமா என்ற சண்டை ஓயவில்லை. மேலேறும் மீனுக்குப் படிக்கட்டு இருக்கிறது. கடலுக்கு இறங்கும் குஞ்சுகள்தான் தேங்கிச் சூடான நீரிலும் டர்பைன்களிலும் மாட்டிக்கொள்கின்றன. மின்சாரம், கோதுமைப் படகுப் போக்குவரத்து என்று எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு, அவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். இருந்தாலும் அணைகளை எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை 2014க்குள் எடுத்து முடித்தார்கள், மீன் மேலே ஏறியது. கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024இல் எடுத்து முடித்த சில வாரங்களிலேயே, நூறு வருடத்துக்கு மேல் சினூக் எட்டிப்பார்க்காத இடத்தில் சினூக் வந்து நின்றது. ஆறு திறந்தால் மீன் தாமதிப்பதில்லை.

கடலில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஓர்கா ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு மீனைப் பிடிக்கிறது. பக்கத்தில் எஞ்சின் ஓடினால், கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற கதைதான். படகு நெருங்கும்போது இரை தேடுவதை அதிகம் விடுவது பெண் ஓர்காக்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாஷிங்டனில் 2025 ஜனவரி முதல் இந்த ஓர்காக்களிடமிருந்து படகுகள் 1000 கெஜம் விலகியிருக்க வேண்டும் என்பது சட்டம். சொந்தப் படகோ வாடகைப் படகோ எடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சியாட்டில், வான்கூவர் பக்கம் இருப்பவர்களுக்கு மீதிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். காரை வாசலில் கழுவாதீர்கள், கார்வாஷுக்குக் கொண்டுபோங்கள். அங்கே தண்ணீர் சாக்கடைச் சுத்திகரிப்புக்குப் போகும், வாசலில் கழுவினால் பல இடங்களில் நேரே ஓடைக்குப் போகும். ஆயில் கசிந்தால் உடனே சரிபாருங்கள். பஸ், ரயில் வசதி இருக்கும் நாளில் காரை விடுங்கள், டயர் அந்த அளவுக்குத் தேயாது.

இதையெல்லாம்விடப் பெரிய பலன் தரக்கூடிய ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் செய்வதில்லை. சாலையை அகலப்படுத்தவோ புதுக் குடியிருப்பு கட்டவோ திட்டம் வந்தால் மக்கள் கருத்துக் கேட்பார்கள். அந்தக் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பார்க்கிங் பற்றிப் பேச வரிசை நிற்கும், ஓடையைப் பற்றிப் பேச ஆளிருக்காது. போய்ப் பேசக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். இந்தச் சாலையின் மழைநீர் எந்த ஓடையில் விழப்போகிறது, விழுவதற்குமுன் மண்ணில் வடிகட்டப்படுகிறதா, வழியில் உள்ள கல்வெர்ட்டில் மீன் ஏற முடியுமா என்று மூன்று வரி போதும். வாஷிங்டனில் முழுச் சுற்றுச்சூழல் அறிக்கை தேவைப்படும் திட்டம் என்றால், எழுத்தில் வந்த கேள்விக்குக் கடைசி அறிக்கையில் பதில் எழுதியே ஆக வேண்டும். மேசையின் இந்தப் பக்கம் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும், வடிகட்டும் படுகைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி வாதாட அந்த மூன்று வரி கையில் இருந்தால் வசதி.