நீலப் பாட்டிலும் பழுப்புப் பாட்டிலும் ஒரே வேலைக்கு வந்தவை அல்ல

பழைய மருந்துக்கடைக் கண்ணாடிப் பாட்டில்களை விற்பவர்கள் கருநீலப் பாட்டிலைக் காட்டி, "வெளிச்சம் பட்டு மருந்து கெடாமலிருக்கத்தான் இந்த நிறம்" என்பார்கள். பழுப்புப் பாட்டிலுக்கு அது சரி. நீலத்துக்குப் பொருந்தாது.

கண்ணாடிக் குழம்பில் மிகக் கொஞ்சம் கோபால்ட் ஆக்சைடு கலந்தாலே போதும், ஆழ்ந்த நீலம் வந்துவிடும். கோபால்ட் அயனிகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பின் பெரும்பகுதி ஆகியவற்றை விழுங்கிக்கொண்டு நீலத்தையும் ஊதாவையும் வெளியே விடுகின்றன. மருந்தைக் கெடுப்பதோ அந்த ஊதாப் பக்கத்து ஒளிதான், ஏனென்றால் அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் கூடும், மூலக்கூறின் பிணைப்பை உடைக்கும் வலுவும் கூடும். 1801இல் ஜெர்மனியில் யோகான் ரிட்டர் என்ற அறிவியலாளர், சூரிய ஒளி நிறநிறமாகப் பிரிந்து விழும் நிறமாலையில் சில்வர் குளோரைடை வைத்துப் பார்த்தபோது, ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில்தான் அது வேகமாகக் கறுத்தது. புற ஊதாக் கதிர் பிடிபட்டது அப்படித்தான். மருந்துக்கடையில் இருந்த சில்வர் நைட்ரேட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் இதே ஒளிக்குப் பயப்படுகிற சரக்குகள்.

பழுப்புக் கண்ணாடி நேர் எதிர். உலையில் இரும்பு, கந்தகம், கரி மூன்றும் சேரும்போது, இரும்பு அயனியைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களில் ஒன்றின் இடத்தில் கந்தகம் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கூட்டணி, ஏறத்தாழ 450 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியில் பெரும்பகுதியை உள்ளே விடாது. இருமல் மருந்துப் பாட்டில் இன்றும் பழுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்போ நீலம் எதற்கு? எச்சரிக்கைக்கு. 1858இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் மிட்டாயில் தவறுதலாக ஆர்சனிக் கலந்து ஏறத்தாழ 20 பேர் இறந்துபோனார்கள். அது பாட்டிலால் வந்த வினை அல்ல, பீப்பாய் மாறிப்போனது, ஆனால் விஷ விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சுக்கு அது வலு சேர்த்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டம், விஷம் விற்கிற கலத்தின் மேல் 'விஷம்' என்று எழுதி ஒட்டச் சொன்னது. சரி, ஒட்டினார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில், பாதித் தூக்கத்தில் பல்வலியோடு அலமாரியைத் துழாவுகிறவர் லேபிளையா படிப்பார்? அதனால்தான் நீலத்திலும் பச்சையிலும் அறுகோணப் பாட்டில்கள், பக்கமெல்லாம் வரிவரியான மேடு, 'உள்ளுக்குச் சாப்பிடக்கூடாது' என்று கண்ணாடியிலேயே புடைத்த எழுத்து. இருட்டிலும் விரல் கண்டுபிடித்துவிடும். என்னைக் கேட்டால் நிறத்தைவிட அந்த மேடுகள்தான் கெட்டிக்காரத்தனம்.

நீலமெல்லாம் விஷம் என்றும் நினைத்துவிடாதீர்கள், விளக்கெண்ணெய்கூட நீலப் பாட்டிலில் விற்றது, அதன் பக்கங்கள் வழவழப்பாக இருக்கும்.

அப்புறம், வெளிர் ஊதாப் பாட்டில்கள். அவை பெரும்பாலும் நிறமே இல்லாமல் பிறந்தவை. மணலில் இருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சை தந்துவிடும் என்பதால் அதை மறைக்க மாங்கனீசு டையாக்சைடு போட்டார்கள். அந்த மாங்கனீசு பல ஆண்டுகள் வெயிலில் கிடந்து, புற ஊதாவால் எலெக்ட்ரான் இழந்து ஊதாவாக மாறுகிறது. இதையே கதிர்வீச்சுக் கருவியில் வைத்துக் குறுகிய நேரத்தில் செய்துவிடலாம், செய்து விற்கவும் செய்கிறார்கள். அடர் ஊதாவில் பளபளவென்று ஒரு பழைய பாட்டில் கிடைத்தால், பணம் கொடுக்குமுன் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.