டோக்கன் பணம் வேறு, சேதப் பணம் வேறு: வெள்ள நிவாரணத்தை விடாமல் பெற

ரேஷன் கடையில் டோக்கனைக் காட்டி வாங்கிய பணத்தோடு வெள்ள நிவாரணம் முடிந்துவிட்டது என்றே பல குடும்பங்கள் நினைக்கின்றன. உதவப் போகும் தொண்டு நிறுவனத்தாரிலும் சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தப் பணம், ஒவ்வொரு புயலுக்கும் மாநில அரசு தனியாக அறிவிப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாமுக்கு ரூ.6,000. அடுத்த ஆண்டு ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் ரூ.2,000. இனி வரும் புயலுக்கு இவ்வளவு என்று எந்த விதியும் இல்லை.

சேதத்துக்கான பணம் தனி. அது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. எதற்கு எவ்வளவு என்பதை ஒன்றிய உள்துறை அமைச்சகம் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. டோக்கன் பணம் வாங்கியவரும் இதைக் கேட்கலாம். புயல், வெள்ளம் மட்டுமல்ல, தீ விபத்தும் இதில் அடங்கும். குடிசை எரிந்தவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

2022-26 காலத்துப் பட்டியலின்படி, முழுதும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் ரூ.1,20,000, மலைப்பகுதியில் ரூ.1,30,000. பகுதி சேதம் என்றால் குறைந்தது 15 சதவீதமாவது சேதமாகியிருக்க வேண்டும். காரை வீட்டுக்கு ரூ.6,500, மண் வீட்டுக்கு ரூ.4,000. குடிசைக்கு ரூ.8,000. உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம். மாநிலம் தன் பங்குக்குக் கூட்டித் தரலாம்: மிக்ஜாமிலும் ஃபெஞ்சலிலும் உயிரிழப்புக்கு ரூ.5 லட்சம், ஃபெஞ்சலில் குடிசைக்கு ரூ.10,000 என்று தமிழக அரசு அறிவித்தது. மாநிலங்களுக்கான நிதியைப் பரிந்துரைக்கும் ஒன்றிய நிதிக்குழுவின் காலம் மாறும்போது பட்டியலும் மாறும். ஆகவே மனு எழுதுமுன் அந்தப் பேரிடருக்கான அரசாணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேதக் கணக்கெடுப்பில் வீடு எந்த வகையில் எழுதப்படுகிறது என்பதில்தான் பெரிய இழப்பு நேர்கிறது. ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் வைத்துக் கட்டிய தற்காலிக இருப்பிடத்தைத்தான் விதி குடிசை என்கிறது. மண்சுவர் எழுப்பி, கூரைக்கு மட்டும் ஓலை வேய்ந்த வீடு முழுதும் இடிந்துபோனால், கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) அதை ‘குடிசை’ என்று எழுதுகிறாரா, ‘வீடு’ என்று எழுதுகிறாரா என்ற ஒரு சொல்லில் ரூ.1,12,000 வித்தியாசம் வந்துவிடும். சுவரின் உயரம், கனம், கதவு நிலை எல்லாம் தெரியும்படி படம் எடுத்து, கணக்கெடுக்க வரும்போதே காட்ட வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியல் தாலுகா அலுவலகத்துக்குப் போய்விட்டால் அந்தச் சொல்லை மாற்றுவது கடினம்.

அடுத்த சிக்கல், பட்டா இல்லாமல் புறம்போக்கில் கட்டிய வீடு. வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அரசு அலுவலர் சான்றளிக்க வேண்டும் என்கிறது விதி. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பு அட்டையும் வாதத்துக்கு உதவுமே தவிர, பட்டாவுக்கு ஈடாகாது. வீட்டுக்கான பணம் வாடகைக்கு இருப்பவருக்கு வராது. ஆனால் வீடு இரண்டு நாளுக்கு மேல் கடுமையாக நீரில் மூழ்கியிருந்தால், துணிமணிக்கு ரூ.2,500, பாத்திரத்துக்கு ரூ.2,500 என்று குடும்பத்துக்குத் தனி உதவி அதே பட்டியலில் இருக்கிறது. அதை அவர்கள் கேட்கலாம். யாரும் சொல்லித் தராததால்தான் கேட்காமல் விடுகிறார்கள்.

கால்நடை இறந்தால், அதே 2022-26 பட்டியலின்படி கறவை மாடு, எருமைக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000, உழவு மாட்டுக்கு ரூ.32,000, கன்றுக்கு ரூ.20,000. கோழிக்கு ரூ.100 வீதம் ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் ரூ.10,000. கறவை மாடு மூன்று, ஆடு முப்பது வரைதான் கணக்கில் வரும். நாற்றம் தாங்காமல் மறுநாளே புதைத்துவிடுவதால் இந்தப் பணம் கைவிட்டுப் போகிறது. கால்நடை உதவி மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். அவர் வரத் தாமதமானால் வி.ஏ.ஓ.வுக்குத் தகவல் சொல்லிவிட்டு, காதில் மாட்டிய அடையாளத் தோட்டின் எண் தெரியும்படி படம் எடுத்த பிறகே புதையுங்கள்.

உயிரிழப்பில், இறப்புக்குக் காரணம் பேரிடர்தான் என்ற சான்றில்லாமல் பணம் வராது. துக்கத்தில் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் போலீஸில் பதியாமலும் பிரேதப் பரிசோதனை செய்யாமலும் அடக்கம் செய்துவிட்டால், அந்தக் காரணத்தைப் பின்னால் நிறுவ வழியே இருக்காது.

களத்துக்குப் போகும் தொண்டு நிறுவனம், தார்ப்பாய் கட்டுமுன், சேறு அள்ளுமுன் படம் எடுக்க வேண்டும். நல்ல மனதோடு முதல் நாளே வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டால், மூன்றாம் நாள் வரும் வருவாய் ஆய்வாளர் கண்ணில் சேதமே படாது. வீட்டுக்கு நான்கு படம் போதும்: கதவிலக்கத்தோடு வாசல், சுவரில் நீர் நின்ற தடம், கூரை, உள்ளே கெட்டுப்போன சாமான்கள். குடும்பத்தலைவர் ஒரு படத்திலாவது நிற்கட்டும். ரேஷன் கார்டு எண்ணை வைத்துப் பதிவேடு போட்டால் ஒரே வீட்டுக்கு இருமுறை கொடுப்பதும், ஒரு வீட்டை விட்டுவிடுவதும் குறையும். அசல் ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. ஆவணம் வெள்ளத்தில் போயிருந்தால் சிறப்பு முகாம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். மிக்ஜாமுக்குப் பின் கட்டணமில்லாமல் நகல் தரும் முகாம்கள் நடந்தன.

பட்டியலில் பெயர் வந்த பிறகும் பணம் வராமல் போகலாம். வங்கிக் கணக்கில் ஆதார் இணையாதது, கணக்கு முடங்கிக் கிடப்பது, கார்டில் ஒரு பெயரும் பாஸ்புத்தகத்தில் வேறு பெயரும் இருப்பது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். நிவாரண முகாமில் ஒரு மேசை போட்டு, பாஸ்புத்தகத்தையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தாலே பாதித் தொல்லை தீரும். நிறுவனம் தன் கையிலுள்ள நிதியை அரசுப் பட்டியலில் வர முடியாதவர்களுக்கு ஒதுக்குவதே நல்லது: புறம்போக்குவாசிகள், வெளியூர்க் கார்டு வைத்திருக்கும் கூலித் தொழிலாளர்கள், சரக்கை இழந்த தள்ளுவண்டிக்காரர்கள்.

பெயர் விடுபட்டவர்கள் வட்டாட்சியருக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால், சீட்டின் நகலையும் நான்கு படங்களையும் இணைத்துத் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கே வாய்மொழியாகச் சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிடாமல், புகாரைப் பதிவு செய்த எண்ணைக் கேட்டு மனுவின் மேலேயே எழுதி வையுங்கள்.