வீட்டில் பிரித்து மாட்டிய பைக் மறுபடி ரோட்டுக்கு வர: சட்டம் எதை விடும், எதை விடாது

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிக்கு இன்னும் மவுசு குறையவில்லை. யமஹா அதன் தயாரிப்பை 1996-லேயே நிறுத்திவிட்டது. அப்பாவோ மாமாவோ ஓட்டிய வண்டியை மாட்டுக்கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, கழுவி, பிரித்து, மறுபடி ஓட வைக்கப் பார்க்கிறார்கள் பையன்கள். நல்ல ஆசைதான். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். வண்டி ரோட்டில் ஓடலாமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு சொல்வது இது: கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் அமைப்பில் கைவைப்பதைத்தான் சட்டம் ‘மாற்றம்’ என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தேய்ந்த செயினை, பிரேக் ஷூவை, டயரை அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சிக்கல் பெரும்பாலும் இன்ஜினில்தான் வரும். ஆர்எக்ஸ் 100 சேசிஸில் ஆர்எக்ஸ் 135 இன்ஜினை உட்கார வைப்பது மெக்கானிக்குக் கஷ்டமான வேலை இல்லை. ஆனால் ஆர்.சி.யில் இருப்பது 98 சிசி. வண்டியில் இருப்பது வேறு சிசி, வேறு இன்ஜின் நம்பர். சோதனையில் பிடித்தால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். அதே மாடல் இன்ஜினை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வாங்கிய பில்லைக் காட்டி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். பில் இல்லாத இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ படவே கூடாது. பெயிண்டையும் அங்கே கனமாக அடிக்க வேண்டாம்.

வண்டியின் கலரும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். அனுமதி வாங்கி மாற்றலாம். கடனில் இருக்கும் வண்டி என்றால் கடன் கொடுத்தவரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள்.

அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. சைலன்சரின் உள்குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டினால் சத்தம், புகை தொடர்பான 190(2) பிரிவும் சேரும். முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்கிறது அந்தப் பிரிவு. மூன்று மாதம் லைசென்ஸும் பறிபோகலாம்.

எனக்கு அதிகக் கவலை சேலை கார்டு பற்றித்தான். வண்டியை ‘ஸ்டைல்’ பண்ணுகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி இருக்க வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் இருக்க வேண்டும், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும். அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து கோயிலுக்கு வரும்போது முந்தானை ஸ்போக்கில் சுற்றினால், இழுப்பது கழுத்தை. கம்பி வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் புதிதாக வாங்கி மாட்டுங்கள். சின்னச் செலவுதான்.

இனி வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரும் வழி. சொந்த உபயோக பைக்குக்குப் பதிவு 15 ஆண்டு. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், படிவம் 25. புதுப்பித்தால் ஐந்து ஆண்டு கிடைக்கும். தாமதமானால் கட்டணம் மாதக் கணக்கில் ஏறும், பசுமை வரியும் உண்டு. ஓடும் நிலையில் இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் தேவை. ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளில் வண்டி கம்பெனியில் இருந்து வந்த கோலத்தில் இருக்கட்டும்: அசல் சைலன்சர், ஹேண்டில்பார், கண்ணாடி, இண்டிகேட்டர், மட்கார்டு, விதிப்படி நம்பர் பிளேட். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் நம்பர்களை ஒத்துப் பார்ப்பார். விளக்கு, பிரேக், ஹாரன் எல்லாவற்றையும் பார்ப்பார். அவருக்குத் தெரியும்படி சேசிஸ் நம்பர் மேல் இருக்கும் கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு மாற்றத்துக்குச் சட்டம் தானே வழிவிடுகிறது. பலருக்கு இது தெரியாததால் தனியாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளி ஒருவர் தன் ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் பொருத்தி, தனக்கு ஏற்ற வண்டியாக மாற்றலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிகளுக்கு உட்பட்டு மாற்றிவிட்டு அதன் பின் ஒப்புதல் பெறலாம் என்கிறது 52(2). மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். இரு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைத் தமிழக அரசே இலவசமாகத் தருகிறது. ஆகவே கைக்காசு போடும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள்.

மாற்றத்தைப் பதிய மறுத்தாலோ, பதிவைப் புதுப்பிக்க மறுத்தாலோ, காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் 57-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.