பாசிட்டிவ் சரி, எந்த முறையில்?

போன மாதம் கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். எட்டு நாள் காய்ச்சல். கையில் வேறொரு ஆய்வக ரிப்போர்ட்: ‘டெங்கு ஆன்டிபாடி பாசிட்டிவ்’. ஆன்டிபாடி என்றால் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம். அண்மைத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். வகையா, பழைய தொற்றிலும் வரும் ஐ.ஜி.ஜி. வகையா, சில நிமிடத்தில் முடியும் கார்டு டெஸ்டா, மெஷினில் அளக்கும் எலிசாவா, ஒன்றும் இல்லை. கணினிப் பதிவில் எலிசா ஐ.ஜி.எம்.முக்கான லோயிங்க் (LOINC) குறியீடு, அதாவது எந்தச் சோதனை என்று சொல்லும் உலகப் பொது எண். போன் போட்டுக் கேட்டால், செய்தது கார்டு டெஸ்ட், வந்தது ஐ.ஜி.ஜி. மட்டும். “2012-ல எங்க ஊர்ல டெங்கு வந்தப்ப எனக்கும் வந்துச்சு மேடம்” என்றார் அந்த அம்மா. ஐ.ஜி.ஜி. பல வருஷம் உடம்பில் நிற்கும். இடுப்பு மடிப்பில் இருந்த கருகிய புண்ணை அதுவரை யாரும் பார்க்கவில்லை. சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் கொடுத்து இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

“எல்லாம் டெங்கு ஆன்டிபாடிதான மேடம், ஒரே குறியீடு போதும்லா?” மென்பொருள் பார்க்கும் தம்பிகளிடமிருந்து இதை எத்தனை தடவைதான் கேட்பது! போதாது, தம்பி. லோயிங்க் குறியீட்டில் ஆறு கூறுகள் உண்டு: எதை அளந்தோம், எந்தப் பண்பு, எந்த நேரம், எந்த மாதிரி, விடை எண்ணா சொல்லா, எந்த முறை. முறை மாறினால் விடையின் பொருள் மாறும் இடங்களில் குறியீடும் மாறும். ஐ.ஜி.எம். வேறு, ஐ.ஜி.ஜி. வேறு. கார்டு வேறு, எலிசா வேறு. துகள்கள் ஒட்டித் திரள்கிறதா என்று பார்க்கும் ஒட்டுத்திரள் சோதனை வேறு, ஒளிரும் சாயத்தை வைத்துப் பார்க்கும் ஒளிர்சாயச் சோதனை வேறு. ‘1:160’ என்ற டைட்டரும் (எத்தனை மடங்கு நீர்த்தும் வினை தெரிந்தது என்ற கணக்கு) எலிசா மெஷின் தரும் எண்ணும் ஒரே கட்டத்தில் உட்கார முடியாது.

டைஃபாய்டுக்குச் செய்யும் வைடால் சோதனையைப் பாருங்கள். திங்கட்கிழமை ஸ்லைடில் 1:80, அடுத்த வாரம் வேறிடத்தில் டியூபில் 1:320. நான்கு மடங்கு ஏறிவிட்டது என்று டைஃபாய்டு மருந்து எழுதுகிறார்கள். ஒரே முறையில், முடிந்தால் ஒரே ஆய்வகத்தில், இரண்டு மாதிரியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்த ஏற்றத்துக்கு மதிப்பு.

இன்னொன்று, எலிசாவையும், வேதிவினையில் வரும் ஒளியை அளக்கும் கெமிலுமினசென்ஸையும் லோயிங்க் ஒரே ‘இம்யூனோஅஸே’ முறைக்குள் வைக்கிறது. ஆகவே குறியீடு சரியாக இருந்தாலும் எண்களை ஒப்பிட்டுவிட முடியாது. சோதனைக்கு வாங்கிய கிட்டின் பெயரையும் எழுதுங்கள். கிட் மாறிய அன்றே குறியீட்டைச் சரிபாருங்கள், ஆடிட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த முறை என்று தெரியாவிட்டால் ஊகித்துப் போடாதீர்கள். முறை குறிக்காத குறியீடு இருக்கிறது, அதைப் போடுங்கள்.

காய்ச்சலோடு வருகிறவர்களே, ரிப்போர்ட் வாங்கும்போது “ஐ.ஜி.எம்.மா, ஐ.ஜி.ஜி.யா? கார்டா, எலிசாவா?” என்று கேட்டு, அதிலேயே எழுதி வாங்குங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள்.