தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா? ஜெர்மனியில் படிக்கப் போனவர்களுக்கு

ஜெர்மனியில் கட்டடத்துக்குத்தான் எண்; உள்ளே இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் கிடையாது. இருபது குடித்தனம் இருந்தாலும் தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். பல்கலைக்கழகத்தின் எச்சரிக்கைக் கடிதமும் அப்படியே. "எனக்கு எதுவும் வரவில்லையே" என்று பிறகு வாதாடினால் அது எடுபடுவது அரிது. பெயரை ஒட்டாதது உங்கள் குறை என்றே கொள்வார்கள்.

நம் ஆட்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை. தமிழர்களுக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே போயிருக்கும். ஜெர்மன் படிவம் குடும்பப்பெயர் இல்லாமல் நகராது. ஆகவே ஒரு அலுவலகம் முழுப் பெயரையும் குடும்பப்பெயராக ஏற்றும், இன்னொன்று இரண்டாகப் பிரிக்கும், மூன்றாவது இனிஷியலை விட்டுவிடும். காப்பீட்டு நிறுவனத்தில் ஒரு பெயர், பல்கலைக்கழகத்தில் வேறு பெயர் என்றால் கணினி இரண்டையும் ஒரே ஆளாகச் சேர்க்காது. விசாவில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். தபால் பெட்டியில் எல்லா வடிவங்களையும் ஒட்டிவிடுங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னும் கிளம்பாதவர்கள் ஊரிலேயே பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயரைச் சேர்த்து வாங்கிக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். விண்ணப்பத்துக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஏபிஎஸ் சான்றிதழும் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) முடக்கக் கணக்கும் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு) பழைய பெயரில் வந்துவிட்டால் புதிய பாஸ்போர்ட்டே புதுச் சிக்கலாகும்.

வீட்டு முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங், குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நடக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் போதாது. நீங்கள் குடியேறியதை வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்ட உறுதிச்சான்று வேண்டும். பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்த முதல் தேதியை முன்பதிவு செய்து அந்த உறுதிப்படுத்தலைச் சேமித்து வையுங்கள்.

அடுத்து மருத்துவக் காப்பீடு. சேர்க்கை மாட்டிக்கொள்வது அதிகமும் இங்கேதான். கையில் காப்பீட்டு அட்டை இருக்கும், பல்கலைக்கழகமோ "ஆவணம் வரவில்லை" என்றே சொல்லும். அவர்கள் கேட்பது அட்டையை அல்ல. காப்பீட்டு நிறுவனம் மின்வழியில் நேராக அனுப்பும் எம்10 என்ற அறிவிப்பை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இதற்கென ஒரு எண் உண்டு, சேர்க்கைப் பக்கத்தில் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி "எம்10 அனுப்புங்கள்" என்று கேட்டால் வேலை முடிந்தது. தனியார் காப்பீடு எடுத்தவருக்கும் எம்10 வேண்டும். அரசுசார் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் அரசுசார் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற வேண்டும்; எம்10-ஐ அந்த நிறுவனமே அனுப்ப வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: மாதக் கட்டணம் குறைவு என்று தனியாருக்குப் போய் அந்த விலக்கை வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை மாணவர் கட்டணத்தில் அரசுசார் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. 30 வயதுக்கு உட்பட்டவர் அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. மாதக் கட்டணம் பாக்கி விழுந்தாலும் காப்பீட்டு நிறுவனம் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிவிடும். அடுத்த பருவப் பதிவு நிற்கும்.

பருவப் பதிவு, அதாவது ரூக்மெல்டுங், ஒவ்வொரு ஆறு மாதமும் செய்ய வேண்டியது. ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்துக்குப் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியிலும், அக்டோபரில் தொடங்கும் குளிர்ப் பருவத்துக்குக் கோடை மாதங்களிலும் பருவக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். தேதி இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டினாலே பதிவு, தனி விண்ணப்பம் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் தவறும் நடக்கிறது. குறிப்புக் கட்டத்தில் மாணவர் எண்ணை எழுதாவிட்டால் பணம் யாருடையது என்று தெரியாமல் தொங்கும். ஊரிலிருந்து அப்பா நேராக அனுப்பினால் இடையில் உள்ள வங்கி கட்டணம் பிடித்துக்கொண்டு சில யூரோ குறைத்துச் சேர்க்கும். குறைவாக வந்த பணம் வராத பணம்தான். உங்கள் ஜெர்மன் கணக்கிலிருந்தே, முழுத் தொகையை ஒரே தடவையில் அனுப்புங்கள். தவறினால் முதலில் தாமதக் கட்டணம், பிறகு பெயர் நீக்கம். பெயர் நீங்கினால் தங்கும் அனுமதியின் அடித்தளமும் ஆடும்.

தேர்வு விஷயம் இன்னும் கடுமை. வகுப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. இரண்டாவதற்குத் தனிக் கடைசித் தேதி. பல பாடத்திட்டங்களில் ஒரு தாளுக்கு மூன்று முயற்சிதான். கட்டாயத் தாளில் மூன்றாவதும் போனால் "இறுதித் தோல்வி". அதன்பின் அதே பாடப்பிரிவை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகும். அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்ற நம்மூர்ப் பழக்கம் இங்கே செல்லாது.

தேர்வன்று காய்ச்சல் என்றால் எழுதப் போகாதீர்கள். உட்கார்ந்து எழுதிவிட்டு, மதிப்பெண் வந்தபின் உடம்பு சரியில்லை என்றால் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். வேலைக்கு விடுப்புக் கேட்கும் சாதாரணச் சான்று பல இடங்களில் செல்லாது. தேர்வெழுத இயலாத நிலை என்று எழுதிய சான்று வேண்டும். அதற்கான படிவம் தேர்வு அலுவலகப் பக்கத்தில் இருந்தால் அச்செடுத்துக்கொண்டு போங்கள். தாமதமின்றித் தேர்வு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.

தங்கும் அனுமதிக்கு ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்தால் போதும்: இப்போதைய விசாவோ அனுமதியோ முடியும் நாளுக்கு முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் நான்கு மாதம் தள்ளி விழுந்தாலும், உரிய நேரத்தில் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கொள்கிறது. அதைக் காட்டும் தற்காலிகச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் ஊருக்குப் பறந்தால் திரும்பும் விமானத்தில் ஏற்றாமல் போகலாம். செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டும் சான்றுக்கு 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 என்பது கணக்கு. நீட்டிப்பின்போது மதிப்பெண் பட்டியலும் பார்ப்பார்கள்.

எதிரான முடிவு வந்தால்? கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். யாரிடம், எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று அங்கே இருக்கும். பெரும்பாலும் ஒரு மாதம். சில மாநிலங்களில், சில விஷயங்களுக்கு, ஆட்சேபம் என்ற படியே இல்லை, நேராக நிர்வாக நீதிமன்றம்தான். அந்தப் பத்தியே இல்லாத முடிவுக்குக் காலக்கெடு ஓர் ஆண்டாக நீளும்.

பேராசிரியருக்கு எழுதும் உருக்கமான மின்னஞ்சல் ஆட்சேபம் ஆகாது. எந்த முடிவு, என்ன தேதி, அதை எதிர்க்கிறேன், காரணம் பின்னர் தருகிறேன் என்று நான்கு வரி காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் வரவு முத்திரை வாங்குங்கள். காரணத்தை விரிவாக எழுதப் பிறகு நேரம் கிடைக்கும். காலக்கெடு போனால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயனில்லை.

பல பல்கலைக்கழகங்களில் ஆஸ்டா எனப்படும் மாணவர் மன்றம் இலவசச் சட்ட ஆலோசனை தருகிறது. அங்கே போகும்போது கடிதத்தோடு உறையையும் எடுத்துப்போங்கள். சேர்த்த தேதியைப் பதிவு செய்து முறைப்படி ஒப்படைக்கும் மஞ்சள் உறை என்றால் அதன்மேல் தபால்காரர் கையால் எழுதிய தேதி இருக்கும். நீங்கள் வீட்டில் இல்லாமல் பெட்டியில் போட்டிருந்தாலும், ஒரு மாதம் ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.