அலகு நுனியில் ஒரு புலன்

இலையுதிர் காலத்தில் கடலோரச் சதுப்புக்குப் பறவை பார்க்க ஒரு குழுவை அழைத்துச் செல்பவர் பழக்கமுள்ளவராக இருந்தால், வானிலை அறிக்கைக்கு முன்பாக, கடல் நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைத்தான் எடுத்துப் பார்ப்பார். விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்று காட்டுப் பறவைகளுக்காகச் சொல்லப்படும் விதி இங்கே அவ்வளவாக உதவாது. உள்ளான், மூக்கன், நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான் (ஆந்தையன்று) போன்ற கரையோரப் பறவைகளின் பொழுதைச் சேறு எப்போது நீருக்கு வெளியே வருகிறது என்பதே வகுக்கிறது. நள்ளிரவில் நீர் வடிந்தாலும் அவற்றில் பல இறங்கி இரை தேடும்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் செல்கிறது. எனவே ஓத நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. போன வாரம் காலை 8 மணிக்குக் கரையருகே நின்ற கூட்டம், இந்த வாரம் அதே நேரத்தில் எங்கோ தொலைவில் புள்ளிகளாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றம் மிகும் என்பது கடலோரத்தில் எல்லாரும் அறிந்ததே. செப்டம்பர் 22 அல்லது 23-இல் வரும் சம இரவு நாளை ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக இருப்பதால், அக்காலத்து ஏற்றங்கள் ஆண்டின் மிகப் பெரியவற்றுள் சேரும். அப்படியொரு நாளில், உயர் ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வந்து குழு கரையில் தாழ்வாக அமர்ந்துவிட்டால், ஏறும் நீரே பறவைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் தள்ளிக்கொண்டு வரும். நாமாக நெருங்கிச் சென்றால் கூட்டம் எழுந்துவிடும்.

அருகில் வந்தபின் பைனாகுலரில் முதலில் கவனிக்க வேண்டியது இறகின் நிறமன்று, நடை. உப்புக்கொத்தி சில அடி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து ஒருமுறை கொத்தும். பெரிய கண்ணும் குட்டை அலகும் உடைய அது, சேற்றின் மேற்பரப்பில் தெரியும் அசைவைப் பார்த்து வேட்டையாடுகிறது. உள்ளானோ தலையைத் தூக்காமல், தையல் இயந்திரத்தின் ஊசி போல் அலகை விடாமல் குத்திக்கொண்டே நகரும். அதன் இரை கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருக்கிறது. அப்படியானால் எங்கே குத்துவது என்பது அதற்கு எப்படித் தெரிகிறது?

இவ்வகைப் பறவைகளின் அலகு நுனி எலும்பை உருப்பெருக்கியில் பார்த்தால் அதில் நெருக்கமாகச் சிறு குழிகள் இருப்பது தெரியும். உயிருள்ள பறவையில் அக்குழிகளுக்குள் ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் எனப்படும், அழுத்த மாற்றத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. புழு நெளிந்தால் அந்த அதிர்வை அவை உணர்ந்துவிடும் என்று கொள்ளலாம். ஆனால் நாட் எனப்படும் உள்ளான் வகையின் முக்கிய இரை மட்டி. மட்டி பெரும்பாலும் அசைவதில்லை. நெதர்லாந்தின் டெக்ஸல் தீவில் பறவை ஆய்வாளர் தேயுனிஸ் பியர்ஸ்மாவும் அவருடைய குழுவினரும் வளர்ப்புப் பறவைகளைப் பழக்கி, ஈர மணலுக்குள் பொருள் புதைந்திருக்கிறதா இல்லையா என்பதை அவற்றைக் கொண்டே சொல்லவைத்துச் சோதித்தார்கள். 1998-இல் வெளியான அந்த ஆய்வில், மணமோ சுவையோ அசைவோ இல்லாத வெறும் கற்களையும் பறவைகள் கண்டுபிடித்தன. அதுவும், அலகு தற்செயலாகத் தட்டுப்படக்கூடிய வாய்ப்பைவிட அதிக அளவில்.

ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எளியது. ஈர மணலின் துகள்களுக்கிடையே நீர் நிறைந்திருக்கிறது. அலகு இறங்கும்போது அந்த நீர் விலகி நாலாபுறமும் செல்ல முயல்கிறது. வழியில் மட்டியோ கல்லோ கிடந்தால் நீரோட்டம் தடைபட்டு, அந்தப் பக்கத்தில் மட்டும் அழுத்தம் கூடுகிறது. அடுத்தடுத்து விரைவாகக் குத்தும்போது மணல் இறுகி, இந்த வேறுபாடு மேலும் மிகுகிறது. அந்தச் சமச்சீரின்மையையே அலகு நுனி உணர்கிறது. நீர் இல்லாவிட்டால் இந்த உத்தி இல்லை. பறவைகள் பெரும்பாலும் வடியும் நீரின் விளிம்பை ஒட்டியே நகர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரை அகப்பட்டதும் முழு வாயையும் சேற்றுக்குள் பிளக்க வேண்டியதில்லை. மேல் அலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறந்து பிடித்துக்கொள்ளும் அமைப்பும் இவற்றுக்கு உண்டு.

இத்தனை தீவிரமாக உண்பதற்குக் காரணம் வலசை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவரை 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவுசெய்தது. அலாஸ்காவிலிருந்து புறப்படும் மூக்கன்களின் உடல் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பு இருக்கக்கூடும். பறக்கும்போது பயன்படாத அரைவைப்பையும் குடலும் பயணத்துக்கு முன்பே சுருங்கிவிடுகின்றன.

துணைக்குப் பெற்றோர் இல்லாமலே இளம் பறவைகள் இப்படிப் பயணம் செய்வது விதிவிலக்கன்று. ஆர்க்டிக்கில் இனப்பெருக்கம் செய்யும் பல உள்ளான்களில் முதிர்ந்தவை முதலில் கிளம்பிவிடும். குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தாமாகவே தெற்கே வரும். ஆகவே இலையுதிர் காலச் சேற்றில் இரு தலைமுறையும் கலந்து நிற்கின்றன. முதிர்ந்தவற்றின் இறகுகள் தேய்ந்து, கோடை நிறமும் குளிர்கால நிறமும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும். இளையவற்றின் முதுகிலோ ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் வெளிறிய விளிம்பு ஓடி, செதில் அடுக்கியது போல் ஒழுங்காகத் தெரியும். ஸ்பாட்டிங் ஸ்கோப் எனும் தொலைநோக்கி வழியாகப் பார்க்கும் எவரும் சற்றுப் பழகினால் இதைப் பிரித்தறியலாம்.

குழுவாகச் செல்வதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவர் மொத்தத்தை எண்ண, மற்றொருவர் இளையவற்றை மட்டும் எண்ண, மூன்றாமவர் குறித்துக்கொண்டால், அந்த விகிதம் வடக்கே கடந்த கோடை எப்படி இருந்தது என்பதைச் சொல்லும். சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் லெம்மிங் எலிகள் சுமார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரிந்து வந்தன. அவை சரிந்த ஆண்டில் பசித்த ஆர்க்டிக் நரிகள் பறவை முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடின. அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் தெற்கே வந்து சேர்ந்த இளம் பறவைகளும் குறைந்தன. ஆனால் இரு தலைமுறையும் வெவ்வேறு வாரங்களில் வருவதால், ஆகஸ்ட் மாத எண்ணிக்கையை மற்றோர் ஆண்டின் அக்டோபர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கிடைப்பது தவறான விடையே. ஆண்டுதோறும் அதே வாரத்தில், அதே ஓத நிலையில் எண்ண வேண்டும்.