ஆவணப்படம் பார்த்துவிட்டுப் பரணில் ஏறுகிறவர்களுக்கு

காமிக்ஸ் பற்றி ஏதாவது ஓர் ஆவணப்படம் டிவியிலோ ஓடிடியிலோ வந்தால் போதும், அடுத்த சில நாட்களுக்கு எனக்கு வரும் போன் அழைப்புகளின் தினுசே மாறிவிடும். நான் பழைய காகிதங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன். வழக்கமாக என் மேஜைக்கு வருபவை கிரயப் பத்திரம், கோயில் கணக்கு, தாத்தாவின் டைரி, செல்லரித்த வரைபடம் இப்படித்தான். படம் வந்த வாரத்தில் மட்டும், "சார், எங்க வீட்டுப் பரண்ல ஒரு பெட்டி நிறைய முத்து காமிக்ஸ் கெடக்கு, கொஞ்சம் இந்திரஜால் காமிக்ஸும் இருக்கு" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த மூச்சிலேயே "எவ்வளவு சார் போகும்?" என்று கேட்டுவிடுவார்கள்.

கேட்பதில் தப்பில்லை. படம் பார்த்த எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். இந்த விலை ஆசையில் அவசரப்பட்டு வீட்டில் என்னென்ன செய்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. ஐம்பது வருடம் பரணில் சும்மா கிடந்தபோது ஆகாத சேதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஆகிவிடுகிறது.

படங்களைக் குறைசொல்ல மாட்டேன். 2013-இல் அமெரிக்காவின் பி.பி.எஸ். தொலைக்காட்சி சூப்பர் ஹீரோக்களின் வரலாற்றை மூன்று பகுதிகளாகக் காட்டியது. 2017-இல் ஏ.எம்.சி. சேனல் காமிக்ஸின் மறைக்கப்பட்ட கதைகளை ஆறு பகுதித் தொடராக வெளியிட்டது. அதே 2017-இல் ஹூலு என்ற ஓடிடியில் வந்த 'பேட்மேன் அண்ட் பில்' எனக்கு மிகவும் பிடித்த படம். 1939-இல் வந்த பேட்மேனுக்கு உருவமும் கதையும் கொடுத்ததில் பெரும்பங்கு பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளருடையது. ஆனால் 'உருவாக்கியவர்' என்று அச்சானது ஓவியர் பாப் கேன் பெயர் மட்டுமே. ஃபிங்கர் 1974-இல் இறந்துபோனார். ஒரு எழுத்தாளர் விடாமல் தேடி அவருடைய பேத்தியைக் கண்டுபிடித்த பிறகு, 2015-இல்தான் அவர் பெயரும் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறப்பவர், 'இதை வரைந்தது யார்' என்றும் தேடிப்பார்க்கக்கூடும். நம் முத்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியின் மூலக்கதை 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர் என்பதும், அதை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் ப்ளாஸ்கோ என்பதும் மாயாவி ரசிகர்களிலேயே பலருக்குத் தெரியாது.

கடைகளைக் காட்டும் நிகழ்ச்சிகள் வேறு ரகம். நியூ ஜெர்சியின் ரெட் பேங்க் ஊரில் இயக்குநர் கெவின் ஸ்மித் நடத்தும் காமிக்ஸ் கடையை வைத்து 'காமிக் புக் மென்' என்று ஒரு தொடர் 2012-இலிருந்து 2018 வரை ஓடியது. யாரோ ஒருவர் பழைய பொருளோடு வருவார், கவுண்டரில் வைப்பார், பேரம் நடக்கும். நானும் ரசித்துப் பார்த்தவன்தான். ஆனால் எடிட்டிங்கில் தப்பிப் பிழைப்பது சுவாரசியமான பேரம் மட்டும்தானே? 'ஒண்ணும் தேறாதுங்க' என்று திருப்பி அனுப்பப்பட்ட நூறு பெட்டிகளை எந்த டிவியும் காட்டாது.

சரி, பெரிய விலைகள் எங்கிருந்து வருகின்றன? சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-இல் 10 சென்டுக்கு விற்றது. அச்சானது சுமார் 2 லட்சம் பிரதி. இன்று மிஞ்சியிருப்பவை நூறு சொச்சம் இருக்கலாம் என்பது சேகரிப்பாளர்களின் கணிப்பு. அதில் ஒன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மற்றவை எங்கே போயின? பையன்கள் சுருட்டிப் பின்பாக்கெட்டில் வைத்தார்கள், கைமாற்றிக் கிழித்தார்கள், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய காகித வசூலுக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். யாருமே பத்திரப்படுத்தாததால் வந்த விலை அது.

நேர் எதிரான கதை 1992 நவம்பரில் நடந்தது. சூப்பர்மேன் சாகப்போகிறான் என்று செய்திச் சேனல்கள் எல்லாம் சொல்ல, அதுவரை காமிக்ஸ் கடை வாசலை மிதிக்காதவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். 'சூப்பர்மேன்' 75-ஆவது இதழ் கறுப்பு உறையில், உள்ளே துக்கம் காட்டும் கைப்பட்டையோடு வந்தது. எல்லாப் பதிப்பும் சேர்த்து 60 லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று ஐந்தும் பத்துமாக வாங்கி, உறை பிரிக்காமல் பூட்டிவைத்தவர்கள் ஏராளம். அத்தனை பேரும் பூட்டிவைத்ததால் இன்றைக்கு அது பத்து இருபது டாலருக்கு யாரிடமும் கிடைக்கும்.

அந்தக் கூட்டத்தை நம்பிய கடைக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். 1970-களில் ஃபில் சூலிங் என்பவர் பதிப்பகங்களோடு ஓர் ஏற்பாடு செய்தார். கடைக்காரருக்குக் கூடுதல் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் விற்காத பிரதியைத் திருப்பித் தரமுடியாது. காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் அமெரிக்காவில் பரவியது இந்த முறையால்தான். இதில் கடைக்காரர் இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே எத்தனை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். கணக்குத் தப்பினால் நஷ்டம் முழுக்க அவர் தலையில். 90-களில் ஏறிய மோகம் பார்த்து ஆர்டரை அள்ளிப் போட்டவர்கள், மோகம் வடிந்ததும் கட்டுக்கட்டாகச் சரக்கோடு உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் மூடின. 1996 கடைசியில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

இப்போது நம்மூர்ப் பெட்டிக்கு வருவோம். முத்து காமிக்ஸ் 1972-இல் சிவகாசியில் தொடங்கியது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-இல் வந்தன. ராணி காமிக்ஸ் 2005-இல் நிற்பதற்குள் 500 இதழ் கண்டது. இவற்றின் ஆரம்ப இதழ்களைத் தேடி அலையும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், நல்ல நிலையில் உள்ள பிரதிக்கு நல்ல பணமும் கொடுக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஒரு சின்ன வட்டம். வாட்ஸப் குழுவில் ஒருவர் சொன்ன விலை, உண்மையில் கைமாறிய விலை ஆகாது. அமெரிக்க ஏலத் தொகையை ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

இனி என் வேலைக்கு வருகிறேன். என்னிடம் வரும் காமிக்ஸில் பாதிக்கு மேல் வயதால் கெட்டவை அல்ல, செல்லோ டேப்பால் கெட்டவை. இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் நியூஸ்பிரின்ட் தாளில் அச்சானவை. மரத்தை அரைத்துச் செய்யும் அந்தத் தாளில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் படப்பட அது பழுப்பேறும், அமிலம் ஊறும், தாள் நொறுங்கத் தொடங்கும். அதன்மேல் டேப்பை ஒட்டினால் முதலில் பளிச்சென்றுதான் இருக்கும். சில வருடங்களில் பசை இளகித் தாளுக்குள் இறங்கும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் காய்ந்து செதில் செதிலாகத் தானே உதிர்ந்துவிடும், கீழே தேன் நிறத்தில் ஒரு பட்டை நிற்கும். அந்த இடத்தில் தாள் எண்ணெய் பட்டதுபோலாகி, பின்பக்கத்துப் படம் முன்பக்கம் தெரியும். மாயாவியின் முகத்துக்குக் குறுக்கே அடுத்த பக்கத்து வசனம் இடவலம் மாறி ஓடும். கரைப்பான் வைத்துப் பசையை ஓரளவு எடுக்கலாம். கறை முழுசாகப் போகாது. கிழிசலை அப்படியே விட்டிருந்தால், மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வைத்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்திருப்பேன்; பிற்பாடு வேண்டாமென்றால் தண்ணீர் தொட்டே எடுத்தும் விடலாம்.

அதனால் கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும். உதிர்ந்த துண்டைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு, அதே பக்கத்துக்குள் வையுங்கள்.

லேமினேஷனைப் பற்றிப் பேசவே எனக்கு மனமில்லை. அட்டையை லேமினேட் செய்து, பெருமையாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கை அட்டையின் மை போகாமல் பிரிப்பது நடக்காத காரியம்.

பைண்டிங் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். பத்து காமிக்ஸைச் சேர்த்துக் காலிகோ போட்டு பைண்ட் செய்வது நம்மிடம் நெடுநாள் வழக்கம். வார இதழ்த் தொடர்கதைகளையே கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த ஊர் இது. அப்படிப் போட்ட பைண்டிங்தான் பல இதழ்களை இன்றுவரை காப்பாற்றியிருக்கிறது, அதனால் அதைத் திட்டமாட்டேன். ஆனால் பைண்டர் கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் வெட்டிவிடுவார். ஓரத்துப் படம் போகும், பக்க எண் போகும், சிலசமயம் மேல்வரிசை வசனமே பாதி போகும். புதிதாக இனி பைண்ட் செய்யவேண்டாம். ஏற்கெனவே பைண்ட் ஆனதைப் பிரித்து 'ஒரிஜினல்' ஆக்கவும் முயலவேண்டாம். அமெரிக்காவில் 2000-இலிருந்து சி.ஜி.சி. என்ற நிறுவனம் காமிக்ஸை ஆராய்ந்து பத்துக்கு இத்தனை என்று தரம்போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுக்கிறது. கைபடாத புத்தகத்துக்கு நீல லேபிள். நிறம் தொட்டோ ஓரம் வெட்டியோ அழகுபடுத்தியது தெரிந்தால் ஊதா லேபிள். அதே இதழ்தான், ஊதா என்றதும் விலை பாதிக்கும் கீழே விழுவது சர்வசாதாரணம்.

அப்புறம் பூச்சி. ராமபாணம் துளைபோட்ட பெட்டியைத் திறந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை மொட்டைமாடி வெயிலில் பரப்புவது. வெயில் பூச்சியை விரட்டுமோ இல்லையோ, தாளை நிச்சயம் பழுப்பாக்கும், அட்டையின் சிவப்பையும் மஞ்சளையும் வெளுக்கவைக்கும். அந்துருண்டையும் வேண்டாம், அந்த நெடி புத்தகத்தைவிட உங்களுக்குத்தான் கெடுதல். புத்தகங்களைப் பாலித்தீன் உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மேலே இன்னோர் உறை போட்டு, மைனஸ் 18 டிகிரியாவது தொடும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாமல், முழுசாக அறைச்சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் ஈரம் உள்ளே இறங்கும்.

புத்தகத்தின் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் குறடு போட்டு இழுக்கவேண்டாம். துரு தாளைக் கடித்துப் பிடித்திருக்கும், பின்னோடு நடுப்பக்கமும் பிய்ந்துவரும்.

எங்கே வைப்பது? பரண் கூடாது, சென்னை வெயிலில் அது அடுப்பு. வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் கூடாது, மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். உள்அறையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் போதும். சேகரிப்பாளர்கள் சொல்லும் மைலார் உறை, அதாவது பாலியஸ்டர், இருப்பதிலேயே நல்லது. விலை கட்டாது என்றால் பாலிபுரோப்பிலீன் உறை போடுங்கள், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பி.வி.சி. உறை மட்டும் வேண்டாம், அது நாளாக நாளாக அமிலத்தைக் கக்கும். உள்ளே வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். புதுச்சட்டைக்குள் மடித்து வரும் அட்டையை வெட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேலியே பயிரை மேய்ந்த கதை.

வாசகர் கடிதப் பக்கம் கிழிந்திருக்கிறது, பின்னட்டை விளம்பரம்தானே என்று அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சிலர் கொண்டுவருகிறார்கள். கதையை யாராவது மறுபதிப்பு செய்துவிடுவார்கள். எந்தெந்த ஊர்ப் பையன் எழுதினான், எந்தப் பட்டாசுக்கு விளம்பரம் வந்தது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடை பிழைப்பது புதன்கிழமை தோறும் வந்து, தன் பெயரில் எடுத்துவைத்த புது இதழ்களை வாங்கிப்போகும் வாடிக்கையாளரால். படம் பார்த்துவிட்டு வந்து செல்ஃபி எடுத்து, தன் பெட்டிக்கு விலை கேட்டுவிட்டுப் போகிறவரால் கடைக்கு வாடகை தேறாது. 2002-இலிருந்து பெரும்பாலும் மே மாத முதல் சனிக்கிழமை இலவச காமிக்ஸ் நாள் நடத்துகிறார்கள். வேடிக்கை பார்க்க வருபவரை ஒரு புத்தகத்தையாவது படிக்க வைப்பதற்கான ஏற்பாடு அது. கலிபோர்னியாவில் கடை நடத்தும் ஜோ ஃபீல்ட் சொன்ன யோசனை. அந்தக் கடைகளுக்குப் பல காலம் சரக்கு அனுப்பிவந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. ஆக, படங்களில் பார்ப்பதுபோல அது ஒன்றும் கொழித்த தொழில் கிடையாது.

நமக்கு அப்படிக் காமிக்ஸுக்கென்றே கடைகள் இருந்ததில்லை. பெட்டிக்கடையும் ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையும்தான். இன்று லயன், முத்து காமிக்ஸ் முக்கியமாகச் சந்தாவிலும் புத்தகக் கண்காட்சி ஸ்டாலிலும் கைக்கு வருகின்றன. பழைய இதழ் வேண்டுமென்றால் பழைய புத்தகக் கடைதான் கதி. அங்கே போகும்போது 'காமிக்ஸ் இருக்கா' என்று மொட்டையாகக் கேட்டால் 'இல்ல' என்றுதான் பதில் வரும். எந்த காமிக்ஸ், எந்தெந்த எண் வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, போன் நம்பரோடு கொடுத்துவிட்டு, அன்றைக்கு அங்கே கண்ணில்பட்ட ஏதாவதொரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். எடைக்கு வந்த மூட்டையில் உங்கள் இதழ் தென்பட்டால் அவரே கூப்பிடுவார்.